மலையைப் பிரிண்ட் போட்டால் மலை வந்துவிடுமா?



சினிமா, கிரிக்கெட், மின்சார ரயில், கேன்டீன் சாம்பார் என்று கண்டதையும் எழுதிக்கொண்டிருக்கும் நான், என் படிப்பைப் பற்றி மட்டும் இதுவரை எழுதியதே இல்லை. இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பது ஆடை வடிவமைப்பு. "அப்படின்னா டெய்லரிங் தானேம்மா?" என்று கேட்கும் சித்திகளுக்கும் அத்தைகளுக்கும் ஒரு வார்த்தை: ஆமாம், டெய்லரிங்கும் உண்டு. அது தெரியாமல் இந்தப் படிப்பில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இறுதியாண்டில் எங்களுக்கு வைக்கப்படும் பெரிய பரீட்சையின் பெயர் கலெக்‌ஷன். ஒரு கருவை எடுத்துக்கொண்டு, அதை வைத்து ஐந்தாறு உடைகள் செய்ய வேண்டும். முதலில் படங்களை வெட்டி ஒட்டி மூட் போர்டு. அதிலிருந்து வண்ணங்கள். பிறகு ஓவியம், பிறகு காடாத் துணியில் ஒரு மாதிரி, கடைசியில் நிஜத் துணி. எல்லாம் முடிந்ததும் விளக்கு, பாட்டு, மேடை, மாடல்கள். மூன்று வருடப் படிப்பு நாலு நிமிஷம் நடந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

நான் பார்த்த ஷோக்களில் அதிகம் பேர் எடுக்கும் கரு எது தெரியுமா? இயற்கை. அதிலும் குறிப்பாக இயற்கைக் காட்சி.

அருவி என்றால் நீல சாட்டின், கீழே வெள்ளை நெட். காடு என்றால் பச்சைத் துணியில் பிளாஸ்டிக் இலை. சூரியன் மறைவது என்றால் ஆரஞ்சில் ஆரம்பித்து ஊதாவில் முடியும் ஒரு நீள கவுன். பாலைவனம் என்றால் சந்தன நிறம். மூட் போர்டில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்தால் ஐஸ்லாந்து வானம், சுவிட்சர்லாந்து மலை, அமெரிக்கப் பள்ளத்தாக்கு. இதில் எதையும் செய்தவர் பார்த்ததில்லை. பார்க்கப் போன ஆசிரியரும் பார்த்ததில்லை. இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் வருகிற படங்கள், அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். அழகாகத்தானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் நிலத்தைப் பார்த்து உடை செய்வது என்றால் நிலத்தின் போட்டோவைப் பார்த்து உடை செய்வது என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? ஒரு நிலம் அதில் வாழ்பவரின் உடம்பை என்ன செய்கிறது என்று கேட்டு, அதற்குப் பதிலாக ஓர் உடையைச் செய்தால்தான் அது நிலத்திலிருந்து வந்த உடை. அதற்கு நாம் நடந்து போகக்கூடிய நிலமே போதும். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு பாடம்

சென்ட்ரலிலிருந்து வரும்போது எங்கள் அண்ணனூருக்கு அடுத்த ஸ்டேஷன் ஆவடி. அங்கே 1961 முதல் படைத்துறை உடைத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. ராணுவத்தினருக்கான சீருடைகள் அங்கே தைக்கப்படுகின்றன. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, இது டிரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. ஃபேஷன் படிக்கும் நாங்கள் மும்பையையும் பாரிஸையும் பேசுவோம். பக்கத்து ஊரில் இருக்கும் இதை யாரும் பேச மாட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நிலக்காட்சியை உடையாக மாற்றும் வேலையை ராணுவத்தைவிட உயிரைக் கொடுத்துச் செய்பவர்கள் யார்? அங்கே நிறம் தப்பாகப் போனால் மார்க் குறையாது, ஆளே போய்விடுவார்.

'காக்கி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் 'காக்' என்றால் மண், புழுதி. காக்கி என்றால் புழுதி நிறம். 1840களில் வடமேற்கு எல்லையில், பெஷாவர் பக்கம், ஹாரி லம்ஸ்டென் என்ற ஆங்கில அதிகாரி உருவாக்கிய கைட்ஸ் படைதான் இந்த நிறத்துக்கு முதலில் மாறியது. அதுவரை ஆங்கிலேயப் படை என்றால் சிவப்புக் கோட்டு. சிவப்புக் கோட்டு லண்டன் அணிவகுப்புக்குச் சரி. புழுதி பறக்கும் மலைப் பாதையில் அது எதிரிக்குக் குறிப் பலகை. நிலம் சொன்னது, உடை மாறியது. இன்று நம் ஊர் போலீஸ்காரர் முதல் ஆட்டோ அண்ணன் வரை போட்டிருப்பது ஒரு நிலத்தின் நிறம்!

இன்னொன்று, எங்களைப் போன்ற மாணவர்களுக்கு நேராகச் சொந்தமானது. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று இந்திய ராணுவத்தின் புதிய போர்ச் சீருடை தில்லியில் முதன்முதலாக அணிவகுப்பில் வந்தது. அதை வடிவமைத்ததில் நிஃப்ட் நிறுவனத்தின் ஆசிரியர்களோடு மாணவர்களும் இருந்தார்கள். (நிஃப்ட் 1986இல் தில்லியில் தொடங்கியது. நம் தரமணிக்கு 1995இல் வந்தது.) அவர்கள் மனதில் வைத்ததாகச் சொன்ன நாலு விஷயங்கள்: உடுத்துபவரின் வசதி, தட்பவெப்பம், நிலத்தோடு மறைவது, ரகசியம். பச்சையும் மண் நிறமும் கலந்த சின்னச் சின்னச் சதுரங்கள். நம் ஊர் வெயிலுக்குக் காற்றோட்டமான, லேசான, சீக்கிரம் காயும் துணி. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட வேண்டியதில்லை.

கவனித்தீர்களா? காடு, பாலைவனம், மலை எல்லாம் இதற்குள்ளும் இருக்கின்றன. ஆனால் "காடு எவ்வளவு அழகு" என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அந்தக் காட்டுக்குள் ஓர் ஆள் நாள் முழுக்க நடந்தால் அவருக்கு வியர்க்குமா, உரசுமா, தெரிவாரா என்றும் கேட்டார்கள். இதுவும் மாணவர்கள் கைவைத்த, நிலத்திலிருந்து வந்த கலெக்‌ஷன்தான். நீல சாட்டின் அருவியும் மாணவர் கலெக்‌ஷன்தான். எது பாடம்?

எல்லோரும் ராணுவ உடை தைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

தொல்காப்பியர் கொடுத்த மூட் போர்டு

பள்ளியில் தமிழ் ஐயா திணை நடத்தியபோது நாமெல்லாம் அட்டவணையை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். முல்லை, காடு, கார்காலம், மாலை... ஒப்பித்துவிட்டு மறந்துவிட்டோம். டிசைன் படிக்க வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அது மனப்பாட அட்டவணை மாதிரியே தெரியவில்லை. நிலத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு முறை.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று இரண்டைச் சொல்கிறது: நிலம், பொழுது. வெறும் நிலம் போதாது. எந்தப் பருவம், ஒரு நாளில் எந்த நேரம் என்பதும் வேண்டும். குறிஞ்சிக்கு நள்ளிரவு யாமம், மருதத்துக்கு விடிகாலை, நெய்தலுக்குப் பொழுது சாயும் நேரம், பாலைக்கு நண்பகல். அடுத்து கருப்பொருள்: அந்த நிலத்தின் மரம், பூ, பறவை, உணவு, பறை, மக்கள் செய்யும் தொழில். கடைசியில் உரிப்பொருள்: அந்த நிலத்தில் மனிதர்கள் படும் பாடு. முல்லைக்குக் காத்திருத்தல், பாலைக்குப் பிரிவு, நெய்தலுக்கு இரங்கல்.

இப்போது எங்கள் மூட் போர்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலம் இருக்கிறது, போட்டோவாக. பொழுது இல்லை. தொழில் இல்லை. மனிதர்கள் சுத்தமாக இல்லை! ஆளில்லாத மலை, ஆளில்லாத கடல். ஆள் இல்லாத இடத்துக்கு உடை எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

திணையை எடுத்துக்கொண்டு செய்த கலெக்‌ஷன்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் குறிஞ்சிக்கு ஊதா, நெய்தலுக்கு நீலம், மருதத்துக்குப் பச்சை என்று ஐந்து கலரில் ஐந்து கவுன். மறுபடியும் போட்டோதான், தமிழ்ப் பெயர் வைத்த போட்டோ.

சரி, அண்ணனூரில் என்ன நிலம் இருக்கிறது?

"உங்க ஊர்ல என்னடி லேண்ட்ஸ்கேப்? ரயில் ஷெட் தானே இருக்கு?" என்று என் தோழி கேட்டாள். இருக்கிறது, பெரிய ரயில் ஷெட். மின்சார ரயில்களெல்லாம் எங்கள் ஊரில் வந்துதான் தூங்கும். ஆனால் அது மட்டும்தானா?

எங்களுக்கு முந்தைய ஸ்டேஷன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். திருமுல்லைவாயில். தொண்டைமான் மன்னனின் யானைக் காலில் முல்லைக் கொடி சுற்றிக்கொண்டது, அவன் வாளால் வெட்டியபோது அடியில் சிவலிங்கம் தெரிந்தது என்று மாசிலாமணீசுவரர் கோயில் தலபுராணம் சொல்கிறது. ஒரு திணையின் பெயரையே ஊர்ப்பெயரில் வைத்திருக்கும் ரயில் பாதை எங்களுடையது. ஆவடியில் இன்னொரு பெயர்: பருத்திப்பட்டு. இந்தப் 'பட்டு' ஊரைக் குறிக்கும் பட்டுதான், செங்கல்பட்டு மாதிரி. இருந்தாலும் பருத்தி, பட்டு இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருக்கும் ஊரில் ஃபேஷன் படிப்பவள் சும்மா போக முடியுமா? :-)

அந்தப் பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019இல் பூங்காவாகத் திறந்தார்கள். கூழைக்கடா, நாரை எல்லாம் வருகின்றன. இந்தப் பக்கம் அயப்பாக்கம் ஏரி. கிழக்கே போனால் அம்பத்தூர் ஏரி. அது நிறைந்தால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ரெட்டேரிக்கு. ஒன்றின் கழிவு இன்னொன்றின் வரத்து. நம் முன்னோர்கள் வெட்டிய ஏரித் தொடர். இது ஒரு தொகுப்பு இல்லையா? தனித்தனி உடைகளாக இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்று வரும் ஐந்து உடைகளுக்கு இதைவிட நல்ல கரு ஐஸ்லாந்தில் இருக்கிறதா?

இன்னொரு வேடிக்கை. தமிழில் ஏரிக்கும் கரை, சேலைக்கும் கரை. ஆங்கிலத்தில் பார்டர் என்று படித்தபோது இது எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரை நிறுத்தி வைப்பது ஏரிக்கரை, துணியின் ஓரம் பிரியாமல் நிறுத்தி வைப்பது சேலைக்கரை. கரை என்பது அலங்காரத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்கிறது. இதைப் புரிந்துகொண்டு ஒரு பாவாடையின் கீழ்க்கரையை வடிவமைத்தால், அது ஏரியைப் பற்றிய உடை. ஏரியின் போட்டோவைப் பிரிண்ட் போட வேண்டிய அவசியமே இல்லை.

முல்லையையே இங்கே வைத்துப் பார்க்கலாம். கார்காலம் என்றால் ஆவணி, புரட்டாசி. அந்த மாதங்களில் சென்னையில் பகலெல்லாம் வெயில் அடித்துவிட்டு மாலையில் இடிமழை கொட்டும், உங்களுக்கே தெரியும். முல்லையின் பொழுது மாலை. முல்லையின் உரிப்பொருள் காத்திருத்தல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து, பிளாட்ஃபாரத்தில் நனைந்துகொண்டு ரயிலுக்குக் காத்திருக்கும் அக்காக்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஏற்றுமதிக் கம்பெனியில் நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுக்குச் சட்டை தைத்துவிட்டு வருகிறவர்கள். நிலம், பருவம், நேரம், தொழில், மனம் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கிறது.

அவர்களுக்கு ஓர் உடை செய்யச் சொன்னால் நான் என்ன கேட்பேன்? தேங்கிய தண்ணீரில் நடந்தால் நனையாத உயரத்தில் விளிம்பு. ஒட்டிக்கொள்ளாத, சீக்கிரம் காயும் மெல்லிய பருத்தி. நனைந்தால் உள்ளே தெரியாத அளவுக்கு நெருக்கமான நெசவு, அல்லது இரட்டை மடிப்பு. கூட்டத்தில் ஏறும்போது சிக்காத துப்பட்டா, அல்லது துப்பட்டாவே தேவைப்படாத மேல்சட்டை. ஃபோனும் சீசன் டிக்கெட்டும் வைக்க நிஜமான பாக்கெட். (பெண்களின் உடையில் பாக்கெட் ஏன் இல்லை என்று தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், எழுதுவேன்.) துணி வாயில் துணி. முல்லைவாயிலுக்கு வாயில் துணி, இதற்காவது சிரித்துவிடுங்கள்.

பாலையும் எங்கள் ஊர் வழியாகத்தான் வந்தது

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. பாலை என்று தனியாக ஒரு நிலம் வேண்டியதில்லை, இருக்கும் நிலமே பாலையாகும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த ரயில் எங்கள் அண்ணனூர் வழியாகத்தான் போனது. அதே பக்கம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் மூழ்கியது. நாலரை வருடத்துக்குள் ஒரே நிலம் பாலையாகவும் இருந்தது, கடலாகவும் இருந்தது.

கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் வருடக்கணக்கில் போராடி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். "அழகான ஏரி" என்று மூட் போர்டில் ஒட்டினால் இதெல்லாம் அதில் வராது. நடந்து போய்ப் பார்த்தால் வரும். நாற்றமும் சேர்ந்து வரும்.

இயற்கை என்று பெயர், ஆற்றில் சாயம்

இப்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன்.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992இல் முடித்தார்கள். திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு அதில் வந்து தேங்கியது. வயலுக்குத் தண்ணீர் தரக் கட்டிய அணையின் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் பிறகு திறந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவும், நடுவில் வேலை இழந்தவர்களின் கஷ்டமும் சேர்ந்ததுதான் நம் சட்டையின் விலை.

இதைப் பாடத்தில் படித்துவிட்டு, "நதி" என்று கலெக்‌ஷனுக்குப் பெயர் வைத்து, எங்கே எப்படிச் சாயமேற்றியது என்றே தெரியாத துணியை வாங்கி, மீதியை வீட்டுக் குளியலறையில் பாக்கெட் சாயத்தில் முக்கி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் அதை என்னவென்று சொல்வது? நதியைப் பாராட்டி ஒரு கவுன். அதைச் செய்ய நதிக்குள் கொஞ்சம் விஷம்.

உடனே "அப்போ இயற்கைச் சாயம் போடலாமே" என்பார்கள். போடலாம், ஆனால் அதுவும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் விஷயம் இல்லை. மஞ்சளில் தோய்த்த துணி வெயிலில் வெளுத்துவிடும். சாயம் பிடிக்க குரோமியம், துத்தம் மாதிரி உப்புகளைப் போட்டால் பூவிலிருந்து எடுத்த சாயமும் விஷத் தண்ணீர்தான். அலசுவதற்குத் தண்ணீரும் நிறையச் செலவாகும். படிகாரம், கடுக்காய், வெல்லத்தில் ஊறவைத்த இரும்புத் துருவில் கிடைக்கும் கறுப்பு, அவுரி நீலம் என்று அளவோடு செய்தால் நல்லது. சாயமே போடாத காடாவும் ஓர் அழகுதான். 2019 தண்ணீர் ரயிலை நினைத்துப் 'பாலை' என்று ஒரு கலெக்‌ஷன் செய்பவர், ஒரு சொட்டுத் தண்ணீரில்கூடச் சாயம் தோய்க்காமல் நெசவையும் மடிப்பையும் மட்டும் வைத்துச் செய்தால், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன்.

ஏற்கெனவே செய்தவர்கள் இருக்கிறார்கள்

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம் ஊரில் பெயர் தெரியாத எத்தனையோ பேர் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீலகிரியில் தோடர்களின் போர்வையைப் பாருங்கள். தடித்த வெள்ளைப் பருத்தித் துணி, அதில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் போடும் எம்பிராய்டரி. வரைந்துகொண்டு தைப்பதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். மலைக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் உடை, மலையில் பார்த்த உருவங்களே அதன் கோலம். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறிஞ்சி கலெக்‌ஷன் என்றால் இதுதான் குறிஞ்சி கலெக்‌ஷன்!

அதே 2013இல் குறியீடு பெற்றது பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையில் முளைக்கும் கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்கிறார்கள். நல்ல பாய் துணி மாதிரி மடியும். ஆற்றங்கரையே பாயாகிறது.

நெய்தலுக்குச் சாயவேர். சோழமண்டலக் கடற்கரை மணலில் வளரும் சின்னச் செடி, அதன் வேரில்தான் சிவப்பு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போன ஓவியத் துணிகளின் சிவப்பு இந்த வேர்ச் சிவப்பு. இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கம் டச்சுக்காரர்கள் இதைத் தங்கள் தனி உரிமையாகவே வைத்திருந்தார்கள். 1869இல் செயற்கை அலிசரின் சந்தைக்கு வந்ததோடு இது அடங்கியது. நெய்தல் என்றவுடன் நமக்கு நீலம்தான் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கடற்கரை உலகத்துக்குக் கொடுத்த நிறம் சிவப்பு. போட்டோ பார்த்து வேலை செய்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

எதிர்க்கட்சி வாதங்கள்

முதல் வாதம்: "ஃபேஷன் என்றால் கனவு. நீ யூனிஃபார்ம் செய்யச் சொல்கிறாய்." இல்லவே இல்லை. 2009 அக்டோபரில் பாரிஸில் அலெக்ஸாண்டர் மெக்குவீன் 'பிளேட்டோவின் அட்லாண்டிஸ்' என்ற ஷோ நடத்தினார். பனி உருகிக் கடல் மேலே வந்தால் மனிதன் மறுபடியும் கடல் உயிரினமாக மாறுவான் என்ற கற்பனை. ஊர்வனவற்றின் தோல் மாதிரி பிரிண்ட், பார்த்தாலே கால் வலிக்கும் செருப்பு. முழுக்க முழுக்கக் கனவுதான், பிரிண்ட்டும்தான். ஆனால் அந்தக் கனவுக்குள் கடலுக்கு என்ன ஆகப் போகிறது என்ற கேள்வி இருந்தது. கேள்வி இருந்தால் கனவு காணலாம், தாராளமாக.

இரண்டாவது: "உள்ளூர் விஷயத்தை வைத்து மேலே வர முடியாது." ராகுல் மிஸ்ராவைச் சொல்கிறேன். 2006இல் லக்மே ஃபேஷன் வீக்கில் இளம் வடிவமைப்பாளராக அறிமுகமானபோது அவர் எடுத்துக்கொண்டது கேரளக் கைத்தறி. 2014இல் சர்வதேச வூல்மார்க் பரிசை வென்ற முதல் இந்தியர் ஆனார். 2020இல் பாரிஸ் ஹாட் கூத்தூர் வாரத்தில் காட்டிய முதல் இந்திய வடிவமைப்பாளரும் அவரே. இயற்கைதான் அவருக்கும் கரு. ஆனால் கைவேலை செய்பவர்களின் ஊசி வழியாக வரும் இயற்கை.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கஷ்டமானது: பணம். "கைத்தறி, இயற்கைச் சாயம் எல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு." உண்மை, கைத்தறி மலிவு இல்லை. ஆனால் இப்போது மட்டும் மலிவாகவா செய்கிறோம்? எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, அருவி கலெக்‌ஷனுக்காக அவர் அம்மாவின் செயினை அடகு வைத்தார்கள். மீட்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த நீல கவுன்கள் மேடையில் ஒரு முறை நடந்ததோடு சரி, பிறகு பரணில் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. யாரும் போட முடியாது, விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் அவருக்கு மனமில்லை. சாட்டின், நெட், கல் வேலை, மாடல், மேக்கப் என்று போன பணத்தில் கோ-ஆப்டெக்ஸில் நல்ல துணியே வாங்கியிருக்கலாம். எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்குக் காடா கிடைக்கும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துணியை எடை போட்டு விற்கிறார்கள். அதை வைத்து ஒட்டுத் துணி வேலை செய்தால், அது எங்கள் நிலத்தில் நிஜமாகவே விளைந்த பொருள்! வயலில் நெல் மாதிரி, அம்பத்தூரில் கட் பீஸ்.

நான் கேட்பது

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நிலத்தைக் கருவாக எடுக்கும் மாணவரிடம் மார்க் போடுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள்.

எந்த நிலம், நீ அங்கே எத்தனை முறை போனாய், எந்த நேரத்தில்?

இந்த உடையை அங்கே போடப்போவது யார், அவர் என்ன வேலை செய்கிறார்?

துணியும் சாயமும் எங்கிருந்து வந்தன, அலசிய தண்ணீர் எங்கே போனது?

ஷோ முடிந்த மறுநாள் இந்த உடை எங்கே இருக்கும்?

நாலாவது கேள்விக்கு "பரணில்" என்பது பதிலாக இருந்தால், அடுத்த வருடம் வரும் மாணவரின் அம்மாவையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாணவ நண்பர்களிடம் கேட்பது இன்னும் சுலபம். இணையத்தில் தேடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் ஏரிக்கோ, ஆற்றுக்கோ, பஸ் டெப்போவுக்கோ ஒரு நோட்டோடு போங்கள். மறுபடியும் ஒரு மழை நாளில் போங்கள், ஒரு கோடை மதியம் போங்கள். அங்கே இருப்பவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள், எதை மடித்துக் கட்டுகிறார்கள், எதைத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் ஏற்கெனவே அந்த நிலத்துக்கு உடையை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் செய்யப்போவது அதற்கு அடுத்த படி மட்டுமே.

என் கலெக்‌ஷன் அடுத்த வருடம். முல்லையா, ஏரித் தொடரா என்று இன்னும் முடிவாகவில்லை. அப்பா, "செலவு எவ்வளவும்மா ஆகும்?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் ஊர் நிலத்துக்கு ஓர் உடை செய்யச் சொன்னால் எதிலிருந்து ஆரம்பிப்பீர்கள்? சொல்லுங்கள், பேசலாம்.